பேட்டரி எந்தக் கூட்டம்?

கொங்கு நாட்டில் பிறந்த ஆம்பளைக்கு 'எனக்கு மெஷின் தெரியாது' என்று சொல்லும் உரிமை கிடையாது. கோயமுத்தூர்க்காரன் மோட்டாரைக் கழற்றுவான். பல்லடத்துக்காரன் தறியைக் கழற்றுவான். திருப்பூர்க்காரன் ஓவர்லாக் மெஷினைக் கழற்றிப் பூட்டிவிட்டு டீக்குப் போவான். நான் தலை நரைக்கும்வரை திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதியவன். ஆயுளில் நான் கழற்றிய ஒரே சாமான் பேனா மூடி.

ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊரான கணியூரோடு வந்து சேர்ந்தாயிற்று. கணியூர் என்றால் "டோல்கேட் இருக்குதே, அதுங்களா?" என்பார்கள். அது அவிநாசி ரோட்டில், கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற கணியூர். எங்களுடையது மடத்துக்குளம் தாலுகா. நெல்லும் கரும்பும் தென்னையும் உண்டு. சுவரில் ஓட்டை போட ஆள்தான் இல்லை.

வீட்டுக்காரிக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு ஓட்டை. மாமனார் படம் மாட்டவேண்டும். எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டேன். "ஒரு ஓட்டைக்கெல்லாம் வண்டி எடுத்துட்டு வந்தாக் கட்டுப்படியாகாதுங்ணா. ஒரு பத்து ஓட்டையாச் சேர்த்து வெச்சுட்டுச் சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஓட்டை சேமிப்புத் திட்டம் ஆரம்பமாயிற்று. காலண்டரின் பின்பக்கத்தில் அம்மிணி எழுதிக்கொண்டே வந்தாள்: அப்பா படம், துணிக்கொடிக் கொக்கி, சோப்பு ஸ்டாண்டு, சாவி மாட்டும் பலகை. மாமனார் பீரோவின் மேல் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உயிரோடிருந்த காலத்திலும் அவர் அப்படித்தான் பார்ப்பார்.

அப்போதுதான் நாமே ஒரு மெஷின் வாங்கிவிடுவது என்று முடிவு கட்டினேன். அதுவும் ஒயர் இல்லாதது. அதிலும் ஒன்றாக இல்லை, ஒரு செட்டு. ட்ரில், ஸ்க்ரூ முடுக்கும் டிரைவர், கட்டிங் மெஷின், மரம் அறுக்கும் ஜிக்சா எல்லாம் ஒரே பெட்டியில். பனியன் ஒன்றுக்குப் பைசா சுத்தமாக அடக்கவிலை போட்ட கை இது. ஒரு ஓட்டைக்கு எத்தனை ரூபாய் அடங்குகிறது என்ற இந்த ஒரு கணக்கை மட்டும் போடவில்லை. போட்டிருந்தால் வாங்க முடியாது.

ஒயர் இல்லாத மெஷின் ஏன் என்று அம்மிணி கேட்டாள். நான் வரலாற்றில் இறங்கினேன். 2008க்குப் பிறகு சில வருஷம் கரண்ட் கட்டில் திருப்பூர் பட்ட பாட்டை டீசல் பில் எழுதியவனிடமா கேட்பது? இப்போதும் மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துகிறார்களே, அன்றைக்கு அவசரமாக ஒரு ஓட்டை தேவைப்பட்டால்? "அன்னைக்கு மட்டும் எதுக்குங்க அவசரம் வரப்போகுது?" என்றாள். பதில் இல்லாத கேள்விக்கு நான் எப்போதும் மேலும் கொஞ்சம் வரலாறு சொல்வேன்.

கையில் பிடிக்கிற மின்சார ட்ரில்லை ஜெர்மனியில் ஃபைன் கம்பெனி 1895இல் செய்தது. துப்பாக்கிப் பிடியும் விரலால் அழுத்தும் விசையும் வைத்த ட்ரில்லை அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் 1910களில் கொண்டுவந்தது. பேட்டரி ட்ரில்லும் அவர்களுடையதுதான், 1961இல். விண்வெளிக்காக நாசா கண்டுபிடித்தது என்று டீக்கடையில் யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மெஷின் முதலில் கடைக்கு வந்தது, பிறகுதான் வானத்துக்குப் போனது. 1971இல் அப்பல்லோ 15இல் போனவர்கள் நிலாவின் தரையையே பேட்டரி ட்ரில்லால் துளைத்து மண் எடுத்து வந்தார்கள். அங்கே பிளக் பாயின்ட் இல்லை என்பதால் அவர்களுக்கு நியாயமான காரணம் இருந்தது. அவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும்? நம் கலங்கல் ஊரில் பிறந்த ஜி.டி. நாயுடு, உலர் பேட்டரியில் சுழலும் குட்டி மோட்டார் வைத்துச் சவர ரேசர் செய்தவர். ஒயர் இல்லாத மெஷின் இந்த மண்ணின் சொத்து. இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அம்மிணி அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

உடுமலையில் ஒரு கடைக்குப் போனேன். கடைத்தம்பி "எத்தனை வோல்ட்டுங்ணா?" என்று கேட்டார். இருப்பதிலேயே பெரியது என்றேன். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரிந்தது. 12 என்றும் 18 என்றும் 20 என்றும் பெட்டிகள். 18ஐவிட 20 இரண்டு கூடுதல்தானே என்று அதைத் தொட்டேன். தம்பி நல்லவர், உண்மையைச் சொல்லிவிட்டார். உள்ளே இருப்பது இரண்டிலும் அதே ஐந்து லித்தியம் செல். ஒவ்வொன்றும் சராசரி 3.6 வோல்ட், ஆகமொத்தம் 18. முழுசாக சார்ஜ் ஏறின சூட்டில் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டைத் தொடும், அதை வைத்து 20 என்று எழுதுவார்கள். அமெரிக்காவில் 20 என்று விற்கிற அதே பேட்டரி ஐரோப்பாவில் 18 என்ற பெயரில் போகிறது. 12 என்று எழுதியிருப்பதும் மூன்று செல்தான், நிஜத்தில் 10.8. எக்ஸ்போர்ட்டுக்கு ஒரு லேபிள், லோக்கலுக்கு ஒரு லேபிள் ஒட்டும் ஊரில் கணக்கு எழுதியவன் இதில் அதிர்ச்சி அடைவானா? தொழில் தர்மம் என்று தலையாட்டினேன்.

எனக்குப் பிடித்துப்போனது ஆம்பியர்-அவர் என்ற சங்கதி. வோல்ட்டை அதனால் பெருக்கினால் பேட்டரி எவ்வளவு பிடிக்கும் என்று தெரியும். 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் என்றால் 36 வாட்-அவர். ஒரு யூனிட் கரண்ட் 1,000 வாட்-அவர். வீணாவதைக் கழித்தாலும் ஒரு யூனிட்டில் இருபது தடவைக்கு மேல் நிரப்பலாம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக இருக்கையில், என் ஆயுள்வரைக்கும் ஓட்டைக்கு மின்செலவு பூஜ்யம்! இந்தக் கணக்கை மட்டும் பில் புத்தகத்தின் பின்னால் போட்டுக் காட்டினேன். மெஷின் விலை எழுதியிருந்த பக்கத்தைத் திருப்பவில்லை.

பிறகு என் அறிவின் எல்லை வந்தது. "இம்பாக்ட் வெச்சதாக் குடுங்க தம்பி, செவுத்துக்கு" என்றேன். "எந்த இம்பாக்டுங்ணா?" என்றார். இம்பாக்ட் ட்ரில் வேறு, இம்பாக்ட் டிரைவர் வேறாம். ட்ரில்லில் பல் வைத்த இரண்டு வட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்குவதால் பிட் சுற்றிக்கொண்டே முன்னால் குத்தும். செங்கல் சுவருக்கு அது போதும். டிரைவர் முன்னால் குத்தாது. சுற்றுகிற திசையிலேயே சுத்தியலால் அடித்து அடித்து ஸ்க்ரூவை முறுக்கும். மாட்டுக் கொட்டகைக்குத் தகரம் அடிக்க அதைவிடச் சுகமான சாமான் இல்லை. சுவரில் வைத்தால் சத்தம் மட்டும் வரும். கான்கிரீட் தூணும் லிண்டலும் என்றால் இரண்டும் ஆகாது. உள்ளே பிஸ்டன் காற்றை அழுத்தி அடிக்கிற ரோட்டரி ஹேமர் வேண்டும். அதற்குப் பிட்டே தனி, வால் பக்கம் காடி வெட்டியிருக்கும். எஸ்.டி.எஸ். என்று பெயர், 1975இல் பாஷ் கம்பெனி கொண்டுவந்தது. "உங்க வீட்டுச் செவுரு எதுங்ணா?" என்றார் தம்பி. நான் பிறந்ததே அந்தச் சுவருக்குள்தான். அது எதனால் ஆனது என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போன் போட்டேன். "முன்பக்கம் செங்கல், காரை பூசினது. பின்னால எடுத்துக் கட்டினது கான்கிரீட் தூணுங்க. கடையில நின்னுட்டு இதையெல்லாமா கேக்கறீங்க?" என்றாள்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போனால் முதல் கேள்வி "நீங்க எந்தக் கூட்டம்?" என்பது. ஒரே கூட்டம், அதாவது ஒரே குலம், என்றால் பங்காளி, அண்ணன் தங்கை முறை. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடவேண்டும். பேட்டரிக்கும் முதல் கேள்வி அதேதான், விதி மட்டும் தலைகீழ். சொந்தக் கூட்டத்தைத் தாண்டி அது யாரோடும் சேராது. இந்தக் கம்பெனி பேட்டரி அந்தக் கம்பெனி மெஷினில் ஏறாது. ஒரே வோல்ட், ஒரே செல், ஆனாலும் தடம் வேறு. ஒரே வீட்டுக்குள்ளும் பிரிவினை உண்டு. பாஷில் வீட்டு உபயோகத்துக்குப் பச்சை, தொழிலாளிகளுக்கு நீலம். பச்சையின் 18 வோல்ட் பேட்டரி நீலத்தில் மாட்டாது. பாகம் பிரித்த அண்ணன் தம்பி வீட்டில் நடுவே சுவர் எழுப்பின மாதிரிதான். சில கம்பெனிகள் சேர்ந்து பொதுப் பேட்டரிக்கு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன, மெடாபோ 2018இல் ஆரம்பித்தது அப்படி ஒன்று. ஆனாலும் நம் ஊர்க் கடையில் 'எல்லாத்துக்கும் சேரும்' என்று யாராவது சொன்னால், மாட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

ஆகவே நாம் மெஷினைத் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொண்டிருப்பது வெறும் நினைப்பு. தேர்ந்தெடுப்பது பேட்டரியை. முதல் ட்ரில்லோடு வரும் இரண்டு பேட்டரியும் சார்ஜரும் உங்களை அந்தக் குடும்பத்தோடு கட்டிவைத்துவிடும். பிறகு அவர்கள் பேட்டரி இல்லாத வெறும் மெஷினை விலை குறைத்துக் காட்டுவார்கள். 'பேட்டரிதான் இருக்கிறதே' என்று நாமும் போவோம். நான் போனேன். என் வீட்டில் இப்போது இலை ஊதும் மெஷின் ஒன்று இருக்கிறது. தென்னை ஓலை விழும் வாசலில் அதை வைத்து எதை ஊதுவது? பேட்டரி சேர்கிறது, அதனால் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்து, கண்ணாடி மாட்டி, கையுறை போட்டு மாமனார் சுவரின் முன் நின்றேன். பிட்டைப் பிடிக்கும் 'சக்'கைச் சுற்றி 1 முதல் 20 வரை எண் போட்ட வளையம். டாப் கியர் என்று 20இல் வைத்து விசையை முழுசாக அழுத்தினேன். பிட் சுவரில் ஒரு கோலம் போட்டது, இறங்கவில்லை.

அம்மிணி கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைத்தவள். பெடலில் பாதம் வைக்கிற பக்குவத்தில் மெஷினை நடக்கவும் வைப்பாள், ஓடவும் வைப்பாள். சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு உள்ளேயிருந்து வந்தாள். "லோடு ஏறுதுங்க, விடுங்க." வாங்கிப் பார்த்தாள். அந்த எண்கள் வேகத்துக்கு இல்லையாம். ஸ்க்ரூ எவ்வளவு இறுகினதும் பிடி நழுவவேண்டும் என்பதற்காம். வளையத்தைச் சுத்தியல் படத்துக்குத் திருப்பினாள். மாட்டியிருந்தது மரத்துக்கான பிட் என்று சொல்லி, முனையில் கார்பைடு வைத்த சுவர் பிட்டாக மாற்றினாள். ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலே குறித்திருந்த என் பென்சில் புள்ளியை அழித்து ஒரு முழம் தள்ளிப் போட்டாள். உள்ளே ஒயர் நேராக மேலே போகுமாம். பெடல் மிதிப்பதுபோலவே விசையை மெல்ல அழுத்தி ஆரம்பித்து, தடம் விழுந்ததும் வேகம் கூட்டினாள். சிவப்புத் தூள் கொட்டியது. நான் முறத்தைப் பிடித்துக்கொண்டேன்.

ஓட்டைக்குள் பிளக் வைத்தபோது நான் விட்டுக்கொடுக்காமல், 1911இல் லண்டனில் ராவ்லிங்ஸ் என்பவர் பிரிட்டிஷ் மியூசியத்துச் சுவரைச் சேதப்படுத்தாமல் மின்சாமான் மாட்டுவதற்காக இந்தப் பிளக்கைக் கண்டுபிடித்தார், அதனால்தான் ராவல் பிளக் என்று பெயர், முதலில் சணல் நாரில் செய்தார்கள், நைலான் பிளக்கை ஆர்தர் ஃபிஷர் 1958இல் கொண்டுவந்தார் என்று சொன்னேன். "அந்த ஸ்க்ரூவை எடுங்க" என்றாள்.

காலண்டரில் சேமித்த ஓட்டைகளெல்லாம் அன்று மாலைக்குள் தீர்ந்துவிட்டன. பேட்டரியில் பாதிக்குமேல் சார்ஜ் மிச்சம் இருந்தது. தூணில் வரவேண்டிய துணிக்கொடிக் கொக்கி மட்டும் இறங்கவில்லை. அதற்கு எலக்ட்ரீஷியன் தம்பிதான் தன் ரோட்டரி ஹேமரோடு வந்தார். அந்த ஒரே ஓட்டைக்கு.

எனவே, வாங்கப் போகிறவர்களே, ஒரு வார்த்தை. செங்கல் வீட்டுக்கு 12 வோல்ட்டோ 18 வோல்ட்டோ, சுத்தியல் குறி போட்ட ட்ரில் ஒன்றும் சின்னப் பேட்டரி இரண்டும் போதும். செட்டு வேண்டாம். மிச்சக் காசில் நல்ல பிட் வாங்குங்கள், பெட்டியோடு இலவசமாக வரும் நூறு பிட்டில் பாதிக்கு மேல் ஸ்க்ரூ முனைதான். சித்திரை வெயிலில் பேட்டரியைத் தகரக் கொட்டகையில் போட்டுவிடாதீர்கள், சூடு அதன் ஆயுளைத் தின்றுவிடும். மாதக்கணக்கில் எடுக்கமாட்டீர்கள் என்றால் பாதி சார்ஜில் வீட்டுக்குள் வையுங்கள். கான்கிரீட்டுக்கு ஆளைக் கூப்பிடுங்கள். இல்லை, வாங்கத்தான் போவதில்லை என்றால் கணியூர்ப் பக்கம் வாருங்கள், மெஷினைத் தாராளமாக எடுத்துப் போகலாம். இலை ஊதும் மெஷினைத் திருப்பிக்கூடத் தரவேண்டாம். பேட்டரி மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும், எந்தக் கூட்டம் என்று போனில் கேட்டுக்கொண்டு வாருங்கள்.