புஷ் கவிராயர்

சனிக்கிழமை காலை, சிட்னியில் கணக்கு எழுதிப் பிழைக்கும் ஒருவர் தலையில் அகுப்ரா தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் இரண்டு விரலால் குதிரை ஓட்டினால், புஷ் பாலட் எழுத உட்கார்ந்துவிட்டார் என்று பொருள். நகரத்தைத் தாண்டிய காடு, மேடு, மேய்ச்சல் வெளி எல்லாமே ஆஸ்திரேலியர்களுக்கு 'புஷ்'தான். அங்கே மாடு ஓட்டியவன், ஆட்டுமயிர் கத்தரித்தவன், மூட்டை சுமந்து வேலை தேடி நடந்தவன், இவர்கள் கதையைப் பாட்டாகச் சொல்வது பாலட். நம் கவிராயர் 1895-ஐத் தாண்டி வந்தவர் இல்லை. அவர் பாட்டில் கரண்ட் கிடையாது.

தாளத்துக்குத் தட்டுப்பாடு இல்லை, விரல் வலிக்கும்வரை குதிரை ஓடும். இயைபுதான் ஆளைக் கொல்லும். நம் எதுகை அடியின் தலைமாட்டில் இருக்கும், அவர்களுடையது கால்மாட்டில். குதிரையை 'ஹார்ஸ்' என்று அடி முடிவில் நிறுத்திவிட்டால் பிறகு 'கோர்ஸ்', 'ஃபோர்ஸ்', 'ரிமோர்ஸ்' என்று நாலைந்து சொல்தான் மிச்சம். அதனால் கவிராயருடைய குதிரைகள் எல்லாம் பாதை பிடித்து ஓடி, பலம் காட்டி, கடைசியில் மனம் வருந்துகின்றன. எதற்கு வருந்துகின்றன என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. எஜமானுக்காக உயிர்விடும் நாயும் பாட்டில் கட்டாயம் உண்டு. மூன்று பாட்டில் செத்துப்போன அந்த நாய், இப்போது சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது.

"புஷ் பக்கம் எப்போது போனீர்கள்?" என்று கேட்டுவிடக் கூடாது. "பேஞ்சோ பேட்டர்சனே சிட்னி வக்கீல்தான்" என்பார். உண்மை. 'ஸ்னோயி ரிவர்' குதிரைக்காரனைப் பாட்டாக்கி 1890-ல் 'புல்லட்டின்' பத்திரிகையில் ஓடவிட்ட புஷ் கவிஞர் அவர். ஆனால் அவர் பண்ணையில் வளர்ந்தவர், குதிரை ஏறத் தெரிந்தவர் என்பதைக் கவிராயர் விழுங்கிவிடுவார். 1892-ல் அதே பத்திரிகையில் ஹென்றி லாசன் என்ற இன்னொரு கவிஞர் "புஷ்ஷில் புழுதியும் வறட்சியும்தான் இருக்கிறது" என்கிற தோரணையில் பாட்டெழுத, பேட்டர்சன் பாட்டாலேயே பதிலடி கொடுத்தார். இருவரும் பேசிவைத்துக்கொண்டு போட்ட சண்டை அது; எழுதிய அளவுக்குக் காசு. இதைப் பேட்டர்சனே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். கவிராயருக்கு இந்தக் கதையில் காசு வரும் இடம் மட்டும் புரிவதில்லை. அவர் இதுவரை தொப்பிக்கும் பூட்ஸுக்கும் செலவழித்ததுதான்.

ஜனவரியில் டாம்வொர்த் ஊரில் கன்ட்ரி மியூசிக் திருவிழா. அங்கே காலைச் சாப்பாட்டோடு கவிதையும் பரிமாறுவார்கள். தாளைப் பார்க்காமல் சொன்னால்தான் மதிப்பு. கவிராயர் கண்ணை மூடிக்கொண்டு இருபத்திரண்டு பத்தியை ஒரே பாய்ச்சலில் சொல்லி முடித்தார். நாய் செத்த இடத்தில் இரண்டு பாட்டிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முன்வரிசையில், சாயம் போன பேஸ்பால் தொப்பியுடன் நிஜமான பண்ணைக்காரர் ஒருவர் உட்கார்ந்து முட்டை தின்றுகொண்டிருந்தார். முடிந்ததும் வந்து கைகொடுத்தார்.

"அருமை, மேட். ஆனா நாங்க குதிரையை வித்துப் பல வருஷம் ஆச்சு. இப்ப மாடு ஓட்டறதெல்லாம் ஹோண்டாவிலதான்."

கவிராயர் விடுதி அறைக்கு வந்து தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தார். காலத்துக்கேற்ப மாறத்தான் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. ஹோண்டாவை அடி முடிவில் நிறுத்தி, இயைபு தேடினார். நடுராத்திரியில் ஒன்று அகப்பட்டது: அனகோண்டா.

ஆஸ்திரேலியக் காட்டில் அந்தப் பாம்பு கிடையாது. கவிராயர் அதற்குள் பதினாறு அடி எழுதிவிட்டார்.