விலையுயர்ந்த செண்ட் யாருக்குச் சொந்தம்? ஷாலிமாரை முன்வைத்து ஓர் ஆய்வு

செண்ட் அடித்துக்கொள்வது வெறும் மினுக்கு என்ற கருத்து நம் குடும்பங்களில் வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. ‘யார் பார்க்கறதுக்கு இவ்வளவு அலங்காரம்?’ என்று பெரியவர்கள் கேட்பதே சான்று. அக்கருத்து பிழை, விலையுயர்ந்த செண்ட் அடித்துக்கொள்வது ஈகையின் ஒரு வகை, அதை அரசு இதுவரை கண்டுகொள்ளவில்லை. இம்மூன்றும் இக்கட்டுரை நிறுவ முயலும் முடிபுகள்.

ஆய்வுப்பொருள் ஷாலிமார். பாரிஸின் கெர்லேன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜாக் கெர்லேன் 1921-ல் உருவாக்கிய இந்தச் செண்ட், 1925-ல் அந்நகரில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியின்போது உலகப்புகழ் பெற்றது. ஜிக்கி என்ற தங்கள் பழைய செண்ட்டில் எத்தில் வனிலினைக் கொட்டிப் பார்த்தபோது பிறந்தது இது என்று ஒரு கதை உண்டு. (நம் பாடகி ஜிக்கிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்த ஜிக்கி 1889-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது.) ஏனைய செண்ட்டுகளை விடுத்து இதைத் தேர்ந்ததற்குத் தகுந்த காரணம் உண்டு: இவ்வாய்வாளரிடம் இருப்பது இந்த ஒரு குப்பிதான்.

முதலில் பெயர் குறித்த சிக்கலைத் தீர்த்துவிடுவோம். ஷாஜஹானும் மும்தாஜும் ஷாலிமார் தோட்டத்தில் கொண்டாடிய காதலின் நினைவாக வைத்த பெயர் என்று விளம்பரங்கள் சொல்லும். எந்த ஷாலிமார்? லாகூரில் ஷாஜஹான் அமைத்த தோட்டம் 1641-ல்தான் தொடங்கப்பட்டது. மும்தாஜ் 1631-லேயே புர்ஹான்பூரில் காலமாகிவிட்டார். ஆக, அதில் அவர் உலாவியிருக்க வாய்ப்பில்லை. மிஞ்சுவது 1619-ல் ஜஹாங்கீர் ஸ்ரீநகரில் நூர்ஜஹானுக்காக அமைத்தது. அதாவது, மாமனார் போட்ட தோட்டம். நூர்ஜஹான் மும்தாஜுக்கு அப்பாவின் உடன்பிறந்தவர், மாமனாரின் மனைவி. இரண்டு வழியிலும் அத்தை. இரண்டு வழியிலும் அத்தையாக இருப்பவர் வீட்டுத் தோட்டத்தில் காதல் எவ்வளவு தூரம் செழித்திருக்கும் என்பதைக் கூட்டுக்குடும்பத்தில் வாழ்ந்த வாசகர்களின் முடிவுக்கு விட்டுவிடுகிறோம்.

ஆனால் இந்தக் குடும்பத்துக்கும் வாசனைக்கும் உள்ள உறவு மெய்யானது. பன்னீர் காய்ச்சும்போது மேலே ஆடையாகப் படியும் எண்ணெயைத் தனியே எடுத்து ரோஜா அத்தர் கண்டவர் நூர்ஜஹானின் தாயார் அஸ்மத் பேகம் என்று ஜஹாங்கீரே தம் நினைவுக் குறிப்பில் பாராட்டி எழுதியிருக்கிறார். அந்த அம்மையார் மும்தாஜுக்கு அப்பத்தா. அப்பத்தா பெயரை வைத்திருந்தால் வரலாறு பிழைத்திருக்கும், வியாபாரம் பிழைத்திருக்காது.

இனி ஆய்வின் உயிர்நாடிக்கு வருவோம். ஷாலிமார் ஒரே வாசனை அன்று; முறை வைத்து வருகிற பல வாசனைகள். அழுத்தியதும் முதலில் எழுவது பெர்கமாட். நார்த்தங்காய்த் தோலை நகத்தால் கீறினால் மூக்கில் சுரீரென்று ஏறுமே, அந்த இனம். கால் மணி நேரத்தில் அது ஆவியாகிப் போக, ரோஜாவும் மல்லிகையும் தலைகாட்டும். அவையும் ஓய்ந்த பிறகுதான், வாங்கியவர் எதற்காகக் காசு கொடுத்தாரோ அது வரும்: வனிலா, டொங்கா விதை, சாம்பிராணி, லேசான புகை, தோல் பை. முதல் முறை இந்தக் கட்டம் வந்தபோது கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் நிமிர்ந்து, “யார் வீட்லயோ பாயசம் அடிபிடிக்குது, போய்ப் பாரு” என்றார். ஷாலிமாரைப் பற்றி இதைவிடத் துல்லியமான விமர்சனத்தை இவ்வாய்வாளர் எங்கும் படித்ததில்லை.

இங்கேதான் இயற்கை ஒரு சதி செய்கிறது. மூக்கு காவல்காரன் வேலை பார்க்கிற உறுப்பு. புதிதாக வந்ததைச் சொல்லும். வந்து உட்கார்ந்துவிட்டதைச் சொல்லாது. நாம் முகரும் விதத்தை விளக்கிய ரிச்சர்ட் ஆக்ஸெலுக்கும் லிண்டா பக்குக்கும் 2004-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. மனித மூக்கில் ஏறக்குறைய 400 வகை வாசனை ஏற்பிகள் இருக்கின்றன. இத்தனை இருந்தும், ஒரே வாசனை விடாமல் வந்துகொண்டிருந்தால் சில நிமிடங்களில் அவை அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடுகின்றன. மீன் மார்க்கெட்டில் கடை போட்டிருப்பவர் பிழைப்பு நடத்துவது இந்தச் சலுகையால்தான். செண்ட் வாங்கியவர் ஏமாறுவதும் இதனால்தான். வாங்கியவருக்கு நார்த்தங்காய்த் தோல், வழியில் போகிறவருக்குப் பாயசம். இதை ஈகை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

நம் மரபு இதை முன்பே உணர்ந்திருக்கிறது. கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்பவர் வருகிறவர்கள் மேலெல்லாம் தெளிப்பார், தன் மேல் தெளித்துக்கொள்ள மாட்டார். செலவு பெண் வீட்டாருடையது, வாசனை விருந்தினருடையது. ஷாலிமார் அணிகிறவர் மண்டபம் பிடிக்காமல், சாப்பாடு போடாமல், அதே உபசாரத்தை நடமாடிக்கொண்டே செய்கிறார்.

இதற்கு எதிர்வாதம் இல்லாமல் இல்லை. தன் மூக்குக்கு எட்டவில்லை என்பதால் ‘போயிடுச்சு போல’ என்று எண்ணி இன்னும் நான்கு அழுத்து அழுத்துகிறார்களே, அவர்களை என்ன செய்வது? அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட் இதற்கு உகந்த ஆய்வுக்களம். கதவு மூடியதும் எதிரே நிற்பவர் முதலில் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்ப்பார். பிறகு கைப்பேசியை எடுப்பார், ஆனால் திறக்க மாட்டார். இரண்டாம் மாடி தாண்டும்போது கர்சீப் வெளியே வரும், நெற்றியைத் துடைக்கிற சாக்கில் மூக்கருகே நிற்கும். நான்காம் மாடிக்காரர் மூன்றிலேயே இறங்கிக்கொள்வார். ஈகை அளவு மீறினால் இப்படித்தான். போதும் என்ற பிறகும் இலையில் சோற்றைப் போடுகிறவரும் நல்லெண்ணத்தில்தான் போடுகிறார். இரண்டு அழுத்து, அதுவும் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும், என்பது இவ்வாய்வின் பரிந்துரை. மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்க வேண்டாம். தேய்த்த சூட்டில் நார்த்தங்காய்ப் பகுதி விரைந்து பறந்துவிடும், அணிபவருக்குக் கிடைப்பதே அது ஒன்றுதான்.

அணிந்தவருக்கு மிஞ்சுவது ஒன்றுமே இல்லையா என்றால், ஒன்று உண்டு. மறுநாள் காலை துவைக்கப் போடும் புடவையின் முந்தானை. இரவெல்லாம் மூக்கு ஓய்வெடுத்துத் திரும்பியிருக்கும், துணியிலோ வனிலாவும் புகையும் அப்படியே இருக்கும். வாஷிங் மெஷின் முன்னால் நின்று அழுக்குத் துணியை முகர்ந்துகொண்டிருப்பவரைக் கண்டு வீட்டார் கவலைப்படத் தேவையில்லை. தானத்துக்கு உண்டான புண்ணியம் அவருக்கு வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது.

எஞ்சியிருப்பது அரசின் கடமை. இந்த ஈகைப் பொருளுக்கு இப்போது 18 சதவீத ஜிஎஸ்டி வசூலிக்கிறார்கள். இறக்குமதி வரி தனி. நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை உண்டென்று நம்பிப் போனால், 80ஜி என்று எல்லோருக்கும் பழக்கமான அந்தச் சலுகை பணமாகக் கொடுப்பதற்கு மட்டும்தானாம்; அரிசி, போர்வை என்று பொருளாகக் கொடுத்தால் கிடையாதாம். காற்றில் கொடுப்பதைப் பற்றிச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. நிதியமைச்சகம் இக்குறையை அடுத்த பட்ஜெட்டிலாவது போக்க வேண்டும். அதுவரை, லிஃப்டில் எங்களைச் சந்திக்கிறவர்கள் ரசீது தர வேண்டாம், ஒரு நன்றி சொன்னால் போதும். மூக்கைப் பொத்தியே தீர வேண்டுமென்றால், தயவுசெய்து இறங்கிய பிறகு பொத்துங்கள்.