ஆபத்துக்கு மட்டுமா ஆண்டவர்?

கேள்வி: எந்நேரமும் வீடியோ கேம் ஆடும் என் மகனுக்கு ஜெபத்தைப் பற்றி எப்படிச் சொல்லித் தருவது?

பதில்: விளையாட்டிலிருந்தே தொடங்குங்கள். 1987இல் வந்த 'நெட்ஹேக்' விளையாட்டில், உயிர் ஊசலாடும்போது ஜெபித்தால் கடவுள் காப்பாற்றுவார். மறுபடி ஜெபிக்கச் சுமார் ஆயிரம் நகர்வுகள் பொறுப்பது நல்லது. அவசரப்பட்டால் சாமிக்கே கோபம் வந்துவிடும்!

அடுத்து லூக்கா 18ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். இரக்கமற்ற நீதிபதியிடம் ஒரு விதவை விடாமல் முறையிட்டே நியாயம் பெறுகிறாள். சோர்ந்துபோகாமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்காகவே இயேசு இதைச் சொன்னார். தானியேலும் ஆபத்து வரும்முன்பே தினமும் மூன்று வேளை முழங்காலிட்டவர்; சிங்கக் கெபி பிறகுதான் வந்தது.

விளையாட்டுச் சாமி நகர்வுகளை எண்ணுகிறது. பரமபிதா நம் குரலைக் கேட்கிறார். இன்றிரவே மகனோடு சேர்ந்து ஜெபியுங்கள்.