மூன்றரை ஸ்டார்

தியேட்டர் வாசலில் மைக் நீட்டுகிறவர்களைக் குறை சொல்வோர் நன்றி கெட்டவர்கள். காலை 9 மணிக் காட்சியின் இடைவேளையிலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது: “ஃபர்ஸ்ட் ஹாஃப் வெறித்தனம், செகண்ட் ஹாஃப் லேக்.” பார்க்காத பாதிக்கும் சேர்த்துச் சொல்ல ஒரு ஞானம் வேண்டாமா?

பேய்ப் படமா? “பயமே வரல ப்ரோ” என்கிறார் ஒருவர். டப்பாவில் இருக்க வேண்டிய பாப்கார்ன் முழுக்க அவர் சட்டைக் காலரில் இருக்கிறது. த்ரில்லரா? “ட்விஸ்டைச் சொல்ல மாட்டேன். ஆனா அந்த டாக்டரை மட்டும் நம்பாதீங்க!” என்ன ஒரு கட்டுப்பாடு!

இப்பேர்ப்பட்ட சேவையைத்தான், முதல் மூன்று நாளைக்கு நிறுத்தி வைக்கக் கேட்டு 2024 டிசம்பரில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றம் போனது. நல்லவேளை, தடை கிடைக்கவில்லை. நாலாவது நாள் விமர்சனம் இருக்கும், படம் இருக்க வேண்டுமே!

என் யோசனை எளியது. முதலில் விமர்சனத்தை ரிலீஸ் செய்யுங்கள். அது ஓடினால் படம் எடுக்கலாம். செலவு ஒரு மைக்கோடு முடியும்.

எங்கள் தெருத் தம்பி இதை ஏற்கெனவே தொடங்கிவிட்டான். வரும் வெள்ளிக்கிழமைப் படத்துக்கு மூன்றரை ஸ்டார் கொடுத்திருந்தான். படம் தள்ளிப்போனது என்றதும் அரை ஸ்டாரைக் குறைத்துவிட்டான், லேக் என்று.