சாங்கி முதல் கென்னடி வரை: ஒரு மூலபாட ஆய்வு

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க் ஜான் எஃப் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையிலான தூரத்தில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. சுமார் 15,350 கிலோமீட்டர். சாங்கி 104 பாகை கிழக்கில், கென்னடி 74 பாகை மேற்கில், கூட்டினால் 178. ஆக இரண்டும் உலகின் எதிரெதிர்ப் பக்கங்கள். உருண்டையில் நூல் பிடித்தால் மிகக் குறுகிய வழி ஏறக்குறைய வடதுருவத்தின் மேலேயே போகிறது.

சிக்கல் நேரத்தில்தான். அதற்குப் பாடபேதங்கள் பல.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து வகுத்து, பதினேழு மணி நேரம் என்பர் ஒருசாரார். இவர்கள் பெரும்பாலும் வழியனுப்ப வந்தவர்கள். டிக்கெட்டோ பதினெட்டரைக்கும் மேலே சொல்கிறது. ஓடுபாதை வரை ஊர்வதும், ஏறுவதும் இறங்குவதும், காற்றும் அதில் அடக்கம். விமானம் குறுக்கு வழியில்தான் போகும் என்ற உறுதியும் இல்லை. பசிபிக்கின் மேல் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று பலமாக இருந்தால், சுற்று வழியானாலும் அதைப் பிடித்துக்கொண்டு போவதுண்டு. ‘சுத்திப் போனாத்தான் சார் சீக்கிரம்’ என்பது ஆட்டோக்காரர்களின் பழைய கோட்பாடு. அதை மெய்ப்பித்துக் காட்டியவர்கள் விமானிகளே.

மூன்றாவது பாடம் கடிகாரத்தினுடையது. நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டு விடியற்காலையில் இறங்குவதால் ஏறக்குறைய ஆறே மணி நேரம் என்கிறது. இரு ஊர்களுக்கும் இடையே 12 அல்லது 13 மணி நேர வேறுபாடு இருப்பதை அறியாத பிற்காலத்தார் செய்த இடைச்செருகல் இது; தள்ளுக.

அதிகம் ஓதப்படும் பாடம் முன்சீட்டின் முதுகிலுள்ள திரையில் கிடைக்கிறது. அதில் ஊரும் பொம்மை விமானத்தின் இறக்கை ஜப்பானையே மூடுகிறது. ‘சேர இன்னும் 11 மணி 42 நிமிடம்’ என்று இருக்கும். சாப்பிட்டு, அரைப் படம் பார்த்து, ஒரு தூக்கமும் போட்டு எழுந்து பார்த்தால் 11 மணி 5 நிமிடம். கணிதம் இதை ஏற்காது, முழங்கால் ஏற்கும்.

சிக்கனப் பயணியின் சாட்சியத்தை இவ்வாய்வில் சேர்க்க இயலவில்லை. காரணம், இத்தடத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பறக்கவிடும் ஏ350-900 நெடுந்தூர வகை விமானத்தில் எக்கனாமி வகுப்பே கிடையாது. மொத்தம் 161 இருக்கைகள். எரிபொருள் தொட்டியின் கொள்ளளவு 1,65,000 லிட்டர். பக்கத்து நூவர்க் விமான நிலையத்துக்கு 2004இல் நான்கு எஞ்சின் ஏ340-500ஐ விட்டுப் பார்த்து, எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013இல் நிறுத்தினார்கள். இரண்டு எஞ்சினோடு 2018இல் மீண்டும் வந்தது. கென்னடி சேவை 2020இல் தொடங்கியது.

திரும்பும் பயணத்தில் திங்கள் இரவு ஏறினால் புதன் விடியலில் சாங்கி. செவ்வாய்க்கிழமை முழுக்க ஆகாயத்திலேயே கழிந்துவிடும். டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘+2’ என்று போட்டிருப்பார்கள். அழைத்துப்போக வருகிறவரிடம் அதை முதலில் சொல்லிவிடுங்கள்.