கிணற்று நீச்சலும் கடல் பயமும்

கேள்வி: சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகியவன் நான். அங்கே அஞ்சாத மனம் கடலில் இறங்கியதும் நடுங்குவதேன்? — ஒரு வாசகர்

பதில்: கிணற்றில் ஐந்து ஆள் ஆழத்தின்மீது கவலையின்றி நீந்திய தங்களை அன்று தாங்கியது மேலே இருந்த ஒரு முழ நீர்தான் என்பதையும், உப்பு கலந்தமையால் நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவிகிதம் அடர்த்தி மிகுந்த கடல்நீர் அந்தத் தாங்கும் தர்மத்தில் கிணற்றைவிடத் தாராளமானது என்பதையும் சற்றே நினைத்துப் பாருங்கள். தங்கள் பயம் ஆழத்தைப் பற்றியதன்று. நாலு கை வீசினால் எட்டும் கற்படி கடலில் இல்லையே என்பதுதான்.

பயந்தவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்க, கால்கள் தாழ்கின்றன. ஆகையால், அமைதியான நாளில், நீச்சல் தேர்ந்த நண்பர் ஒருவருடன் மார்பளவு நீரில் மல்லாந்து, காது நனைய, சுவாசம் சமனப்படும்வரை மிதந்து பழகுங்கள். பிறகு கரைக்கு இணையாகவே நீந்துங்கள். நீரோட்டம் உள்ளே இழுத்தால் எதிர்த்துப் போராடாமல் பக்கவாட்டில் விலகுங்கள். இதை மட்டும் மறக்கவே வேண்டாம்.

பழகினால் கடலும் வசப்படும்: சட்டம் பயில இங்கிலாந்து சென்ற இந்திய நீச்சல் வீரர் மிஹிர் சென், ஆங்கிலக் கால்வாயில் முதல் முயற்சிகளில் தோற்று, 1958-இல் அதைக் கடந்தார்; 1966-இல் நம் பாக் நீரிணையையும் நீந்தினார். தாங்கள் இப்போதைக்கு மார்பளவு நீரில் மல்லாந்தால் போதும்.