தேர் பார்க்காத பங்குனி

திருப்பரங்குன்றத்தில் பங்குனி என்றால் வீடு கொள்ளாத கூட்டம். முருகனுக்கும் தெய்வானைக்கும் கல்யாணம். அதை நடத்திவைக்க மதுரையிலிருந்து மீனாட்சியும் சொக்கரும் வருவார்கள். மறுநாள் மலையைச் சுற்றித் தேர். உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எங்கெங்கோ இருக்கும் சொந்தங்களுக்கு அப்போது எங்கள் வீடுதான் சத்திரம். ரத வீதியை ஒட்டிய சந்தில், முற்றம் வைத்த பழைய வீடு. பெரியப்பா, அப்பா, சித்தப்பா குடும்பங்கள், அப்பத்தா, அத்தை, ஏழெட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே உலை.

1983 பங்குனியில் அந்தக் கூட்டம் வாசலோடு திரும்பியது. சித்தப்பா மகனுக்கு முதல் நாள் காய்ச்சல், மறுநாள் காலையில் நெஞ்சில் நீர்கோத்த முத்துகள். அப்பத்தா சட்டையைத் தூக்கிப் பார்த்து, "ஆத்தா வந்திருக்கா" என்றாள். கொஞ்ச நேரத்தில் வாசல் நிலையில் வேப்பங்கொத்து ஏறிவிட்டது. தெருவுக்கு அது போதும். பால்காரர் படிக்கு வெளியே நின்றே பால் ஊற்றினார். கல்யாணம் பார்க்க வந்த மாமா கொத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா குளிரட்டும், நாங்க அப்புறமா வர்றோம்" என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்பத்தாவின் முகமெல்லாம் பெரியம்மைத் தழும்பு. கூடப்பிறந்த தம்பியை அதில் பறிகொடுத்தவள். இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளியைக் கண்டது 1975 மே மாதம். உலகத்தை விட்டே அது ஒழிந்தது என்று 1980-இல் அறிவித்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது வேறு கிருமி, சின்னம்மை. ஆனால் முத்து என்றாலே அவளுக்குப் பழைய பயம். அந்தப் பயத்தில் அவள் செய்த முதல் காரியம், மாசமாக இருந்த மதினியைப் பொழுது சாய்வதற்குள் தாய்வீட்டுக்கு அனுப்பியது. இன்றைய மருத்துவரும் அதைத்தான் சொல்வார். கர்ப்பிணிக்குச் சின்னம்மை வந்தால் நுரையீரல் வரை பாயும். பிரசவ நேரத்தில் வந்தால் பிறக்கும் சிசுவுக்கே ஆபத்து.

அடுத்து, கிழக்கு அறையை ஒழித்து நோயாளிக்கும் அத்தைக்கும் விட்டாள். அத்தைக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டிருந்ததால் மறுபடி வராது என்பது கணக்கு. அடுப்பில் தாளிப்பு நின்றது, எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. கேப்பைக் கூழ், மோர், இளநீர், நுங்கு. வண்டியூர் மாரியம்மன் கோவில் தீர்த்தம் தூக்குவாளியில் பஸ் ஏறி வந்தது.

அத்தையின் கை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வேப்பங்கொழுந்தைக் காம்போடு சேர்த்துக் கட்டி, இடுப்பிலிருந்து தோள் வரை மெல்ல இழுப்பாள். இலை நுனி மட்டும் தோலில் படும், ஒரு முத்தும் உடையாது. "சொறியாதய்யா, தழும்பாயிரும்." நடுராத்திரியில் முனகினாலும் அந்தக் கை வந்துவிடும். முத்து கறுத்துப் பொருக்குத் தட்டிய பிறகு, முற்றத்து வெயிலில் அண்டாவில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவாள்.

முதலாமவனுக்குத் தண்ணீர் ஊற்றிய கையோடு எனக்கும் அக்காவுக்கும் காய்ச்சல். எங்களுக்கு ஊற்றி முடிப்பதற்குள் அடுத்த இருவர். முத்து தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே இந்தக் கிருமி மூச்சுக் காற்றில் பரவத் தொடங்கிவிடும். உடம்புக்குள் போனது வெளியே தெரிய ஏறக்குறைய இரண்டு வாரம். பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூடத்தில் வரிசையாகப் பாய்போட்டுப் படுத்தவர்கள். அறையை ஒழிப்பதற்கு முன்பே அது எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. அத்தை அந்தக் கிழக்கு அறையை விட்டு வெளியே வந்தபோது வைகாசி பிறந்திருந்தது.

அந்த வீடு இப்போது மூன்று பாகம். என் மகள் திருநகரில் அடுக்குமாடியில் இருக்கிறாள், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். போன கோடையில் பேத்தியின் வகுப்பில் அம்மை என்று பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. பேத்திக்கும் வந்தது. இரண்டு தவணை ஊசியும் போட்டிருந்ததால் அங்கொன்று இங்கொன்றாகக் கொப்புளம், லேசான சூடு, அவ்வளவோடு அடங்கிவிட்டது. ஜப்பானிய மருத்துவர் மிச்சியாகி தக்காஹாஷி, தன் மூன்று வயது மகன் சின்னம்மையில் தவித்ததைக் கண்டு ஆராய்ச்சியில் இறங்கி 1974-இல் உருவாக்கிய தடுப்பூசி அது.

அதே சமயத்தில், மகள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் மகனுக்கும் அம்மை போட்டது. அவனுக்கு ஊசி இல்லை. உள்நாக்கு வரை கொப்புளம், கஞ்சி இறங்கவில்லை. ஒற்றை அறை வீடு, ஒதுக்க இன்னோர் அறை கிடையாது. அவன் அம்மா வேலைக்குப் போகாத நாளெல்லாம் கூலி போயிற்று. தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் அரசு இலவசமாக ஊசி போடுகிறது. சின்னம்மை ஊசியை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைத்தும், அது இன்னும் அரசின் இலவசப் பட்டியலில் இல்லை. தனியாரிடம் ஒரு தவணைக்கே 2,000 ரூபாய் பக்கம் ஆகிறது. வீட்டு வேலைக்குப் போகிறவர் இரண்டு தவணைக்கு எங்கே போவார்?

சின்னம்மை வந்துபோகிற நோய்தானே என்று சொல்லிவிடவும் முடியாது. கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை, நரம்பு வேரில் பதுங்கிக் கிடக்கிறது. 1983-இல் முதலில் படுத்த சித்தப்பா மகனுக்கு அதே கிருமி இப்போது விலாவைச் சுற்றி அக்கியாக எழும்பியிருக்கிறது. சட்டை உரசினால் துடித்துப்போகிறான். அந்தக் காலத்தில் குயவரிடம் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்வார்கள். இவனுக்கு மருத்துவர் அசைக்ளோவிர் மாத்திரை கொடுத்தார், சீக்கிரம் வந்தது நல்லது என்றார்.

வேப்பிலையையும் தீர்த்தத்தையும் யாரும் விட வேண்டியதில்லை. அதோடு மருத்துவரையும் பார்க்க வேண்டும். தினமும் குளிப்பாட்டி, நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

எங்களைக் கரையேற்றியது தனி அறையும், இரவெல்லாம் விழித்திருக்க ஓர் அத்தையும். இன்று அந்த அறையும் இல்லை, அப்படி ஓர் ஆளும் இல்லை. ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள முடிகிற வீட்டுக் குழந்தைக்கு ஊசி கிடைக்கிறது, ஒரு நாள் கூலியை விட முடியாத வீட்டுக் குழந்தைக்குக் கிடைக்கவில்லை. இரண்டாவது குழந்தைக்குத்தான் அது அதிகம் தேவை. சின்னம்மைத் தடுப்பூசியை அரசு இலவசப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.